புகழிலும் பங்கு



நீரிழிவு நோயாளரின் உயிர்காக்கும் இன்சுலினைக் கண்டறிந்தமைக்காக, 1923ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசு கனடாவின் ரொறன்ரோ பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்த மருத்துவர் பான்ரிங்குக்கும், ஆய்வுகூடம் தந்த பேராசிரியர் மக்லியொட்டுக்கும் வழங்கப்பட்டது. உடனுழைத்த இளைஞர் பெஸ்ற்றின் பெயர் விடுபட்டது. பான்ரிங் தம் பங்குப் பணத்தில் பாதியை அவருக்களித்தார். மக்லியொட்டும் மருந்தைச் சுத்திகரித்த கொலிப்புக்குப் பாதியை ஈந்தார்.

ஆயினும், மக்லியொட்டுடன் பரிசைப் பகிர நேர்ந்ததில் பான்ரிங்குக்குக் கடுங்கோபம். பணத்தைப் பங்கிட்ட கைக்கும் புகழைப் பங்கிடுவது கடினமாயிருந்தது!

நம் பங்கிலும் இல்லத்திலும் ஒரு நற்செயல் நிறைவேறும்போது, நமக்குப் பிடிக்காதவரின் உழைப்பையும் வாயாரச் சொல்கின்றோமா? தாலந்துகள் அனைத்தும் இறைவன் தந்தவை. பிறருக்குரிய புகழைப் பிறருக்கே கொடுக்கும் மனத்தை அவரிடம் கேட்போம்.