திருப்பிக் கேட்கும் தொண்டு

தைப்பூச நாளில் பினாங்கின் தண்ணீர்மலைச் சாலையில் தொண்டு என்பதைக் கண்ணாரக் காணலாம். சாலையின் இருமருங்கும் தண்ணீர்ப் பந்தல்கள் நிற்கின்றன. நிறுவனங்களும் நண்பர் குழுக்களும் குடும்பங்களும் அவற்றை அமைக்கின்றன. வருவோர் யார், எவ்வினத்தார் என்று கேளாமல் குடிநீரும் மோரும் உணவும் வழங்கப்படுகின்றன. இரவெல்லாம் விழித்து நின்று வழங்கும் இளைஞரின் முகத்தில் சோர்வு தெரிவதில்லை. பெறுவோரும் மகிழ்கின்றனர், தருவோரும் மகிழ்கின்றனர். விழா முடிந்ததும் பந்தல்கள் பிரிக்கப்படுகின்றன. யாருக்கு யார் என்ன தந்தார் என்னும் கணக்கு எவரிடமும் இல்லை. இருக்க வேண்டுவதும் இல்லை.

இன்னொரு வகைத் தொண்டும் உண்டு. அதற்குப் பந்தலும் இல்லை, கூட்டமும் இல்லை. கூட்டுறவு நாணயச் சங்கம் ஒன்றின் பொருளாளர் பகல் முழுதும் தம் தொழிலைப் பார்த்துவிட்டு, மாலையில் சிறு அறையொன்றில் அமர்ந்து பேரேட்டைத் திறக்கிறார். இம்மாதச் சேமிப்பைச் செலுத்தியவர் யார், கடன் தவணையைத் தவறவிட்டவர் யார் என்று பார்க்கிறார். தவறவிட்டவரைத் தேடி மறுநாள் போகவும் வேண்டும். இவருக்கும் ஊதியம் இல்லை. ஆயினும் இவரைத் தொண்டர் என்று ஊரார் அழைப்பதில்லை. சில வேளைகளில் கல்நெஞ்சர் என்றே அழைக்கின்றனர்.

கொடுத்ததை மறந்துவிடுவதே அறம் என்று கேட்டு வளர்ந்த செவிகளுக்கு, கொடுத்ததை நாள் குறித்துத் திருப்பிக் கேட்பதும் தொண்டு என்பது பொருந்தாத பேச்சாகவே தோன்றும். அசலோடு சிறிது வட்டியும் பெற்றுக்கொண்டு அதனைத் தொண்டு என்பது எங்ஙனம்? இவ்வினா எளிதில் ஒதுக்கத்தக்கதன்று.

ஆங்கிலத்தில் கிரெடிட் யூனியன் என வழங்கும் அமைப்புக்குத் தமிழில் நாணயச் சங்கம் என்று பெயரிட்டவர் நன்றாகவே பெயரிட்டார். நாணயம் காசையும் குறிக்கும். சொன்ன சொல் தவறாமையையும் குறிக்கும். கிரெடிட் என்பதன் இலத்தீன் வேர்ச்சொல்லுக்கும் நம்புதல் என்பதே பொருள். கடன் என்ற சொல்லோ கடமையையும் வாங்கிய பொருளையும் ஒருங்கே குறிப்பது. பெற்றதைத் திருப்பித் தருதலைக் கடமையின் பெயராலேயே அழைத்த மொழி இது. மொழியில் இருக்கும் தெளிவு நடைமுறையில் இருக்கிறதா என்பது வேறு செய்தி.

திருவள்ளுவர் ஈகைக்கு ஓர் அதிகாரம் வகுத்தார். அதற்கு முன்னரே ஒப்புரவறிதல் என வேறோர் அதிகாரத்தையும் வகுத்தார். இருபத்திரண்டும் இருபத்து மூன்றுமாக அவை அடுத்தடுத்து நிற்கின்றன. இரண்டும் ஒன்றாயின் இரண்டு அதிகாரங்கள் வேண்டுவதில்லை. ஈகை இல்லாதவர்க்குக் கொடுப்பது. அங்கே கொடுப்பவன் ஒரு படி மேலும் பெறுபவன் ஒரு படி கீழும் நிற்பது தவிர்க்க இயலாதது. ஒப்புரவோ ஊரோடு ஒத்து வாழ்பவன் செயல். அதற்கு அவர் காட்டும் உவமைகளுள் ஒன்று நீர் நிறைந்த ஊருணி. அவ்வுவமையைச் சற்றே நீட்டிப் பார்க்கலாம். ஊருணியில் நீர் முகப்பவன் இரவலன் அல்லன், அவனும் ஊரான். கோடையில் அதைத் தூர்வாரும்போது மண்வெட்டி எடுத்துவர வேண்டியவனும் அவனே. அவன் வராவிட்டால், ஏன் வரவில்லை என்று கேட்கும் உரிமை மற்றவர்க்கு உண்டு. அவ்வாறு கேட்பது அவனை இழிவுபடுத்துவது ஆகாது. கேளாமல் விடுவதே அவனை ஊரானாகக் கருதாமல் விடுவது.

நாணயச் சங்கத்தின் வரலாறே ஈகையிலிருந்து ஒப்புரவுக்கு வந்த வரலாறுதான். ஜெர்மனியின் வெயர்புஷ் என்னும் சிற்றூர்ப் பகுதிக்குத் தலைவராயிருந்தவர் பிரீட்ரிக் ரைஃபைசன். 1846, 1847ஆம் ஆண்டுகளில் அங்கே விளைச்சல் பொய்த்துப் பசி பரவியது. வசதியுடையோரிடம் பணம் திரட்டி, அடுமனை ஒன்றை அமைத்து, ஏழைகளுக்கு மலிவு விலையில் ரொட்டி கிடைக்கச் செய்தார் அவர். பின்னர் வேறு ஊர்களுக்கு மாறியபோதும் செல்வர்களின் இரக்கத்தை நம்பியே சங்கங்களை நிறுவினார். ஆனால் செல்வர்களின் ஆர்வம் குன்றியபோதெல்லாம் சங்கங்களும் குன்றின. இறுதியில் 1864ஆம் ஆண்டில் ஹெடஸ்டோர்ஃப் என்னும் ஊரில் அவர் அமைத்த சங்கத்தில் கடன் வேண்டுவோரே உறுப்பினர் ஆயினர். ஒருவருக்கு ஒருவர் பொறுப்பேற்றனர். அறப்பற்று மிக்க அம்மனிதர் இம்முடிவுக்கு விரும்பி வந்தார் என்று சொல்வதற்கில்லை. இரக்கத்தை மட்டும் நம்பியதன் பலனைப் பல ஆண்டுகள் கண்ட பின்னரே வந்தார். சங்கத்தின் எல்லை ஒரு சிற்றூர் அளவுக்கு மிகலாகாது, நிருவாகத்தினர் ஊதியம் பெறலாகாது என்பன அவர் கொள்கைகள். ஒருவரை ஒருவர் அறிந்த இடத்தில்தான் நம்பிக்கைக்குப் பொருள் உண்டு என்பதை அவர் உணர்ந்திருந்தார்.

அக்கருத்து தமிழ்நாட்டுக்கு வரவும் நெடுங்காலம் ஆகவில்லை. சென்னை மாகாண அரசின் ஏற்பாட்டில் பிரெடரிக் நிக்கல்சன் ஐரோப்பிய முறைகளை ஆராய்ந்து 1895லும் 1897லும் அறிக்கை அளித்தார். 1904ஆம் ஆண்டில் இந்தியாவில் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் பிறந்தது. மலாயாவில் 1922ஆம் ஆண்டில் சட்டம் இயற்றப்பட்டது. அவ்வாண்டே அஞ்சல், தந்தி ஊழியர்களின் சிக்கனக் கடன் சங்கம் பதிவு பெற்றது. பினாங்கை உள்ளடக்கிய நீரிணைக் குடியேற்றங்களுக்கு 1924ஆம் ஆண்டில் தனிச்சட்டம் வந்தது.

மலேசியத் தமிழர் வாழ்வில் இக்கருத்து முழு வலிமையுடன் வெளிப்பட்டது அதற்குப் பல ஆண்டுகள் கழித்து. நாடு விடுதலை பெற்ற காலத்தை ஒட்டி ஐரோப்பிய நிறுவனங்கள் பல தங்கள் தோட்டங்களை விற்கத் தொடங்கின. வாங்கியவர்கள் அவற்றைத் துண்டு துண்டாகப் பிரித்து விற்றனர். தோட்டம் துண்டானபோது தொழிலாளியின் வேலை போயிற்று. அவன் குடியிருந்த லயத்து வீடும் போயிற்று. அந்நிலையில் 1960ஆம் ஆண்டில் துன் வீ.தி. சம்பந்தன் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். தோட்டந்தோட்டமாகச் சென்று, பத்து வெள்ளி, பத்து வெள்ளியாகச் சேர்த்துப் பங்குதாரர் ஆகும்படி தொழிலாளர்களை வேண்டினார். பினாங்குக்கு அண்டையிலுள்ள கெடா மாநிலத்தின் புக்கிட் சீடிம் தோட்டமே அச்சங்கம் முதலில் வாங்கியது.

செல்வர் ஒருவர் அத்தோட்டத்தை வாங்கி, தொழிலாளர்களை இரக்கத்தால் அங்கேயே குடியிருக்க விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? அன்றைய துன்பம் நீங்கியிருக்கும். செல்வரின் மகனுக்கும் அதே இரக்கம் இருக்கும் என்பதற்கு உறுதி இல்லை. பால்மரத்தைச் சீவிப் பெற்ற கூலியிலிருந்து பத்து வெள்ளியைப் பிரித்துக் கொடுத்தவன் நிலை வேறு. அவன் கொடுத்தது பெருந்தொகை அன்று. ஆனால் ஆண்டுக் கூட்டத்தில் எழுந்து நின்று கணக்குக் கேட்கும் உரிமையை அது அவனுக்கு வாங்கித் தந்தது. தாத்தா காலம் முதல் கிராணியாரிடமும் துரையிடமும் கேட்டறியாத கேள்வி அது.

சிக்கனத்தைப் பற்றிப் பள்ளிகளில் எழுதப்படும் கட்டுரைகளில் எறும்பும் தேனீயும் தவறாமல் இடம்பெறும். முதுமைக்கு உதவும், நோய்க்கு உதவும் என்று பயன்கள் அடுக்கப்படும். எல்லாம் தன்னலத்தின் வரிசை. ஒருவன் தேநீர்க் கடையில் செலவழிக்காமல் சங்கத்தில் செலுத்திய ஐந்து வெள்ளி, அடுத்த தெருப் பிள்ளையின் பல்கலைக்கழகக் கட்டணமாகிறது என்பதை அக்கட்டுரைகள் சொல்வதில்லை. சேமிப்பே தொண்டாகும் வழி அது ஒன்றுதான். மாணவர்க்கு எறும்பைக் காட்டுவதோடு அதனையும் காட்டலாம்.

ஒருவரை ஒருவர் நம்பிப் பணம் சேர்ப்பது தமிழர்க்குப் புதிதன்று. கூட்டு என்னும் பெயரில் நம் தாய்மார்கள் மாதந்தோறும் பணம் சேர்த்து, முறை வைத்து எடுத்து, நகை செய்தனர், திருமணம் முடித்தனர். சிலர் பணத்துடன் மறைந்தனர், பலர் ஏமாந்தனர். 1971ஆம் ஆண்டில் கூட்டு நிதித் தடைச் சட்டம் வந்தது. நம் மொழியின் நல்லதொரு சொல், தடைசெய்யப்பட்ட ஒன்றன் பெயராக நாட்டின் சட்டத்தில் ஏறியிருக்கிறது. கூட்டில் நம்பிக்கை இருந்தது, பேரேடு இல்லை.

பேரேடு இருந்தால் மட்டும் போதுமா என்றால், போதாது என்று 1986ஆம் ஆண்டு சொல்லிற்று. அவ்வாண்டில் வைப்புத்தொகை பெற்றுவந்த 24 கூட்டுறவுச் சங்கங்களின் நடவடிக்கைகளை மலேசிய மத்திய வங்கி முடக்கியது. ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்டோரின் சேமிப்பு சிக்கிக்கொண்டது. பெயரளவில் அவர்கள் உறுப்பினர். உண்மையில், முகம் அறியாத நிருவாகத்தினரிடம் பணத்தை ஒப்படைத்துவிட்டு வீடு திரும்பியவர்கள். கூடுதல் வட்டி கிடைக்கிறதா என்று கேட்டனரே அன்றி, தம் பணம் யாருக்குக் கடனாகப் போகிறது என்று கேட்டிலர். உறுப்பினர் கேளாதபோது தலைவர்கள் தங்களுக்கு வேண்டியவர்க்கே கடன் கொடுப்பர் என்பது வியப்புக்குரியதன்று.

திருப்பிக் கேட்பது தொண்டு என்றால், வட்டி முதலையும் தொண்டன் ஆவானா என்று ஒருவர் கேட்கக்கூடும். அவனும் தவறாமல் கேட்கிறான். விளக்குக் கம்பங்களில் தொலைபேசி எண்ணை ஒட்டிவைத்து அழைக்கிறான். தவணை தவறினால் வீட்டு வாயிலில் சிவப்புச் சாயத்தை ஊற்றிவிட்டுப் போகிறான். இக்கேள்வியைச் சிரித்து ஒதுக்க இயலாதவாறு செய்தது வேறொரு நிகழ்ச்சி. ஏழைப் பெண்களைக் குழுவாக்கி, ஈடின்றிக் கடன் கொடுக்கும் வங்காளதேச முறையை மலேசியாவில் முதலில் சோதித்தவர்கள் பினாங்கிலுள்ள அறிவியல் பல்கலைக்கழகத்தின் ஆய்வாளர்கள். அம்முயற்சியிலிருந்தே 1987ஆம் ஆண்டில் அமானா இக்தியார் மலேசியா பிறந்தது. அம்முறையின் அடியொற்றிய குழுக்கடன் ஆந்திரத்தில் ஈட்டத்தையே குறியாகக் கொண்ட நிறுவனங்களின் கைக்குப் போனபோது, வசூலின் கொடுமை தாங்காமல் கடனாளிகள் சிலர் உயிரை மாய்த்துக்கொண்டதாகச் செய்திகள் வந்தன. 2010ஆம் ஆண்டில் மாநில அரசு அவசரச் சட்டம் பிறப்பித்தது. குழுவின் பெயரும் தவணையும் பேரேடும் அங்கும் இருந்தன. கேட்பவன் மட்டும் குழுவுக்கு வெளியே இருந்தான். அவன் என்றும் கடன் வாங்கப்போவதில்லை. அவள் என்றும் கடன் கொடுக்கப்போவதில்லை. இன்று கேட்பவன் நாளை கேட்கப்படுபவனாக இருக்கும்போதுதான் கேட்கும் குரலில் அளவு இருக்கும்.

அளவு இருந்தாலும் சங்கடம் நீங்கிவிடாது. தமிழர் சங்கங்களில் பொருளாளர் பதவி பெரும்பாலும் ஆசிரியரைத் தேடி வருவது. அவருக்குக் கணக்குத் தெரியும், பிறர் காசுக்கு அஞ்சுவார், இல்லை என்று சொல்ல வாய் வராது என்பன காரணங்கள். மூன்றாவது காரணம் ஆபத்தானது. திருமணத்துக்கென ஒருவர் தம் தகுதிக்கு மீறிய கடன் கேட்கிறார் என்க. கொடுத்தால் மண்டபம் நிறையும். அதன்பின் ஆறாண்டுகள் அவர் வீட்டில் அடுப்புக் குறைந்தே எரியும். மறுத்தால், படித்துக் கொடுத்த வாத்தியாரே கைவிட்டார் என்ற சொல் நிற்கும். இரக்கம் எப்பக்கம் நிற்கிறது? நாணயச் சங்கத் தொண்டின் கடினமான பகுதி இதுவே. தண்ணீர்ப் பந்தலில் நிற்பவர் எவரையும் மறுக்க வேண்டுவதில்லை. சங்கத்தில் அமர்பவர், மறுத்த பின்னும் அதே தெருவில் அம்மனிதரின் முகத்தைப் பார்க்க வேண்டும். மறுப்பதோடு நில்லாமல், மண்டபத்தை விடுத்துக் கோயிலில் நடத்தினால் எவ்வளவு குறையும் என்று அவருடன் உட்கார்ந்து கணக்குப் போடவும் வேண்டும். இவ்வகை அறிவுரைக்காக மத்திய வங்கி 2006ஆம் ஆண்டில் ஏ.கே.பி.கே. என்னும் அமைப்பை நிறுவியது. கட்டணம் பெறாமல் அது கடன் ஆலோசனை வழங்குகிறது. அங்கே போவதற்குக் கூச்சப்படுவோர் தெரிந்தவரிடமே வருவர்.

திருப்பித் தரவே இயலாதவர்க்கு என் செய்வது என்ற வினா எஞ்சி நிற்கிறது. நோயால் வேலை இழந்தவனிடம் தவணை கேட்பதில் ஒப்புரவு இல்லை. அங்கே ஈகையே வேண்டும். நல்ல சங்கங்கள் ஆண்டு மிகையில் ஒரு பங்கை நலநிதியாக ஒதுக்குவது அதற்காகவே. இரண்டையும் கலவாமல் வைத்திருப்பதும் ஓர் அறிவு. கடனை ஈகை போல் வாரி வழங்கிய சங்கம் பிறர் சேமிப்பை அழிக்கும். ஈகைக்கு உரியவனைக் கடனாளியாக்கிய சங்கம் அவனையே அழிக்கும். இவன் இயலாதவனா, இயன்றும் தராதவனா என்பதைப் பேரேடு காட்டாது. வீட்டுக்குப் போய்ப் பார்த்தால்தான் தெரியும்.

ஆகவே பொருளாளர் ஞாயிற்றுக்கிழமை காலையில் புறப்படுகிறார். அடுக்குமாடி வீட்டின் கதவைத் தட்டுகிறார். வந்த காரணம் இல்லத்தரசிக்குத் தெரியும். இருந்தும் தேநீர் கொண்டுவந்து வைக்கிறார். பிள்ளைகளின் படிப்பை விசாரித்து, தேநீரைக் குடித்து முடித்த பின் அவர் மூன்று மாத நிலுவையைப் பற்றிக் கேட்கிறார். பையிலுள்ள பேரேட்டில், அக்குடும்பத்தின் பெயருக்கு நான்கு பக்கங்கள் தள்ளி, அவர் தம் மகளின் படிப்புக்காக வாங்கிய கடனும் இன்னும் தீராமல் இருக்கிறது.