ஆணையிடாத நாவு

நாவினால் கடவுளை மகிமைப்படுத்துவது என்றவுடன் ஜெபமும் சங்கீதமும் பிரசங்கமுமே கிறிஸ்தவர்களின் நினைவுக்கு வருவது இயல்பு. ஆயினும் ஆராதனை முடிந்து ஆலயத்தை விட்டு வெளிவந்தபின் கடைவீதியிலும் நீதிஸ்தலத்திலும் அதே நாவு பேசும் பேச்சே அந்த மகிமைக்கு உரைகல் என்று கருதிய ஒரு சமூகத்தார், பதினேழாம் நூற்றாண்டின் இங்கிலாந்தில் ஜார்ஜ் ஃபாக்ஸ் என்பவரின் போதனையால் எழுந்தனர். குவேக்கர்கள் என்று உலகம் அழைத்த அவர்கள், எதன்பேரிலும் சத்தியம் செய்யலாகாது என்று மலைப்பிரசங்கத்தில் இயேசுநாதர் விதித்ததையும், யாக்கோபின் நிருபம் அதையே வற்புறுத்துவதையும் விலக்கு ஏதுமின்றிக் கைக்கொண்டனர். சத்தியப்பிரமாணம் செய்ய மறுப்பதைத் தண்டனைக்குரியதாக்கிய சட்டம் 1662ல் பிறந்தபோதும் அவர்கள் அசையவில்லை.

1664ல் லங்காஸ்டர் நீதிமன்றத்தில், அரச விசுவாசப் பிரமாணம் செய்யும்படி ஃபாக்ஸின் கையில் வேதாகமம் கொடுக்கப்பட்டது. முத்தமிட்டு ஆணையிடும்படி தரப்பட்ட இந்தப் புத்தகமே ஆணையிடாதே என்று சொல்லுகிறது; அது சொல்வதைச் சொன்ன குற்றத்துக்காக என்னைச் சிறையிலிடும் நீங்கள், புத்தகத்தை ஏன் சிறையிடவில்லை என்று அவர் வினவினார். மழை ஒழுகும் சிறையறை ஒன்றே அவருக்குக் கிடைத்த விடை. 1666 வரை அவர் விடுதலை பெறவில்லை.

இவ்விஷயத்தில் எதிர்த்தரப்பின் நியாயத்தை எளிதில் ஒதுக்கிவிடலாகாது. அப்போஸ்தலர் பவுல் தம் நிருபங்களில் கடவுளைச் சாட்சியாக அழைக்கிறார். ஆங்கிலிக்கன் திருச்சபையின் முப்பத்தொன்பது விதிகளுள் இறுதியானதும், அதிகாரி கோரும்போது உண்மையோடும் நீதியோடும் பிரமாணம் செய்வதைத் தடுக்கவில்லை. மனித நீதிமன்றத்துக்கு மேலே வேறொரு நீதிமன்றம் உண்டென்பதைச் சபையறிய ஒப்புக்கொள்வதும் ஒருவகை வழிபாடே அன்றோ என்று அத்தரப்பினர் கேட்பதில் பொருள் இருக்கிறது.

எனினும், ஆணையிட்டுச் சொல்வதே மெய் என்று ஏற்பட்டுவிட்டால், ஆணையிடாமல் சொல்பவற்றுக்கெல்லாம் பொய்யின் சலுகை ஓரளவு வழங்கப்பட்டதாகிறது. இந்த இரட்டை அளவைத்தான் குவேக்கர்கள் மறுத்தனர். பேரம் பேசும் வழக்கம் மலிந்திருந்த அந்நாளில், கொள்ள நினையாத விலையைக் கூறுவதும் பொய்யே எனக் கண்டு, அவர்களுள் வணிகராயிருந்தோர் ஒரே விலை சொல்லி விற்றனர். சிறு பிள்ளையை அனுப்பினாலும் பெரியவருக்குக் கிடைக்கும் அதே நியாயம் கிடைக்கும் என்ற நம்பிக்கை ஊராரிடம் பரவியதாக ஃபாக்ஸ் தம் நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார். கடவுளின் பெயரை ஒருமுறையும் உச்சரியாமலே அக்கடைக்காரர் கடவுளுக்குச் சாட்சி பகர்ந்தார்.

ஆணைக்குப் பதிலாக உறுதிமொழி கூறும் உரிமையைப் பாராளுமன்றம் 1696ல் குவேக்கர்களுக்கு அளித்தபோது, அவ்வாசகத்திலும் சர்வவல்லவரின் சந்நிதியில் என்ற தொடர் இருந்ததால் சிலர் அதையும் ஏற்கத் தயங்கினர்; 1722ல்தான் அத்தொடர் நீக்கப்பட்டது. குற்ற வழக்குகளில் சாட்சி சொல்லும் தகுதியை அவர்கள் பெற 1828 வரை காத்திருக்க நேர்ந்தது. கடவுள்பால் கொண்ட பயபக்தியினாலேயே கடவுளின் பெயரை நீக்கச் சொன்னவர்களை உலகம் எளிதில் புரிந்துகொள்ளவில்லை.

ஆனால் மெய் பேசுவதோடு நாவின் கடமை தீர்ந்துவிடுவதில்லை. ஆணையிட அஞ்சிய அதே தலைமுறைக் குவேக்கர்கள், சமய வாதப் பிரசுரங்களில் எதிரிகளை மிகக் கொடிய சொற்களால் தாக்கியதும் உண்டு. கடவுளைத் துதிக்கும் வாயாலேயே அவர் சாயலில் படைக்கப்பட்ட மனிதனைச் சபிப்பது தகாது என்று கண்டிப்பதும் அவர்கள் போற்றிய யாக்கோபின் நிருபமே.

இன்றைய சபைகளில், தன் விருப்பத்தைக் கர்த்தரின் சித்தம் என்று அறிவித்து மறுப்போரின் வாயை அடைப்பவர், நீதிமன்றத்தில் பொய்யாணை இடுபவரினும் எவ்விதத்தில் மேலானவர் என்பது சிந்திக்கத்தக்கது. நீதிஸ்தலம் கோரும் ஆணையை மனச்சாட்சிக்கு விரோதமின்றி ஒருவர் இடலாம், இடாமலும் இருக்கலாம். ஆனால் அயலானுக்கு முன் தன் சொல்லை உயர்த்திக்கொள்வதற்காகக் கடவுளின் பெயரைத் துணைக்கழைக்கும் உரிமை எந்த விசுவாசிக்கும் இல்லை. அப்பெயரின் துணையின்றியே நம்பத்தக்கதாகவும், கேட்பவரைத் தாழ்த்தாததாகவும் அன்றாடப் பேச்சு அமையுமாயின், அதுவே நாவு செலுத்தக்கூடிய உத்தமமான ஆராதனை.