இளைப்பாறலும் வேரூன்றலும்

உத்தியோகத்திலிருந்து இளைப்பாறும் ஒருவர், நாட்டின் ஒரு முனையிலே அமைத்துக்கொண்ட வாழ்வை விடுத்து மறுமுனையிற் சென்று குடியேறும்போது, வீட்டுப் பொருள்கள் ஒரே நாளில் இடம் மாறிவிடுகின்றன. உள்ளம் அவ்வாறு மாறுவதில்லை. புதிய இல்லம் வசதி மிக்கதாயிருக்கலாம்; சூழ உள்ளோர் அன்புடையோராயிருக்கலாம். ஆயினும் ‘இஃது எனது இடமன்று’ என்னும் உணர்வு மாதங்கள் கழிந்தும் நீங்குவதில்லை. இவ்வுணர்வு மனத்தளர்ச்சியா, நன்றிகேடா, அன்றி மதிக்கத்தக்க ஓர் உண்மையா? புதிய இடத்தோடு பொருந்திக்கொள்ளும் கடமை இடம்பெயர்ந்தவருக்கு மாத்திரம் உரியதா? உளவியலாளர் ஆராயும் இப்பொருள் ஒழுக்கவியலுக்கும் உரியதென்பதை இவ்வினாக்கள் உணர்த்துகின்றன.

ஈழத்துத் தமிழ்ச் சமுதாயம் இவ்வினாக்களை நெடுங்காலமாக அறிந்தது. கொழும்பையும் காங்கேசன்துறையையும் இணைக்கும் புகையிரதப் பாதை 1905ஆம் ஆண்டில் முழுமையடைந்தது. அதற்கு முன்னும் பின்னும் யாழ்ப்பாணத்துப் பாடசாலைகளில் ஆங்கிலக் கல்வி பெற்ற இளைஞர் பலர் எழுதுவினைஞராகவும், ஆசிரியராகவும், புகையிரத நிலைய அதிபராகவும் தென்னிலங்கைக்கும், கடல் கடந்து மலாயாவுக்கும் சென்றனர். முப்பது நாற்பது ஆண்டுகள் உழைத்தபின், பிறந்த ஊரிலே கல்வீடு கட்டி, இளைப்பாற்றுச் சம்பளத்தில் அமைதியாக வாழ்வதே அவர்களுட் பலரின் குறிக்கோளாயிருந்தது. 1956இல் ஓடத் தொடங்கிய யாழ்தேவி, விடுமுறைக்கு வருவோரோடு ஒரேயடியாக வந்துவிடுவோரையும் ஏற்றிவந்தது. 1990இல் நின்றுபோன யாழ்ப்பாணத்துக்கான புகையிரத சேவை 2014இல் மீண்டது. இதற்கிடையே எதிர்த்திசைப் பயணமும் பெருகிற்று. பிள்ளைகள் தொழில் புரியும் கொழும்புக்குச் சென்று தொடர்மாடி வீடுகளில் முதுமையைக் கழிக்கும் பெற்றோர் இன்று பலராவர். போரினால் விரட்டப்பட்டோரின் துயரத்தை இவற்றோடு சேர்த்து எண்ணுதல் பொருந்தாது. அங்கு முதலிற் கேட்கப்படவேண்டியது நீதி. தாமாகவோ பிள்ளைகளின் விருப்பத்துக்கிணங்கியோ இடம் மாறுவோரின் நிலையே ஈண்டு நோக்கப்படுகின்றது.

பிறந்த ஊருக்கு வருபவரைத் ‘திரும்பி வந்தவர்’ எனக் கூறுவது வழக்கு. ஆயின் இருபது வயதிற் புறப்பட்டு அறுபது வயதில் வருபவர் விட்டுச்சென்ற ஊரை மீண்டும் காண்பதில்லை. படலையைத் திறந்து உரிமையோடு உள்ளே வந்த அயலவர் மறைந்திருப்பர். அவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு இவர் ‘கொழும்பிலிருந்து வந்த ஐயா’ மாத்திரமே. பங்குக்கிணற்றில் அவருக்குள்ள பங்கும், அதற்குச் செல்லும் வழி வாய்க்கால் உரிமையும் காணி உறுதியில் எழுதப்பட்டிருக்கலாம். அவ்வுறுதியைக் கொண்டு அவர் தண்ணீர் அள்ளலாம். கிணற்றடிப் பேச்சிற் கலந்துகொள்ள அது உதவாது. எனவே ஊருக்கு மீள்பவரும் உண்மையிற் புதிய ஊருக்குச் செல்பவரே எனலாம்.

இத்தகையோர் இழப்பது யாது? பழக்கம் இரண்டாவது இயல்புபோல் ஆகிவிடுவதால் அதனை மாற்றுதல் அரிது என்பது அரிஸ்தோத்திலின் கருத்து. எந்தக் கடையில் எவ்வேளை சனம் குறைவு, எந்தப் பேரூந்து எப்போது வரும் என்பனவற்றை அறிந்த அறிவு, பழகிய இடத்தோடு பின்தங்கிவிடுகின்றது. அத்துடன் பிறிதோர் இழப்பும் சேர்கின்றது. திணைக்களத்திலே பலர் கையொப்பத்துக்குக் காத்துநின்ற ஒருவர், யாரும் காத்து நில்லாத ஒருவராகின்றார். பதவியையும் இடத்தையும் ஒருங்கே இழந்தவர், பதவியிழந்த துயரத்தையும் இடமிழந்த துயரமென்றே பெயரிட்டு அழைப்பதுண்டு. ‘கொழும்பிலென்றால் இப்படியா?’ எனப் புதிய ஊரின் ஒவ்வொரு குறையையும் அவர் எடுத்துரைக்கும்போது, அவர் தேடுவது கொழும்பை அன்று. அங்கு தமக்கிருந்த மதிப்பையே.

இத்துயரத்துக்கு மெய்யியலாளர் சிலர் எளிய மருந்தொன்று கூறினர். அறிவுடையோனுக்கு எல்லா இடமும் ஒன்றே என்பது அது. உரோம மெய்யியலாளரான செனெக்கா கி.பி. 41இல் கோர்சிக்காத் தீவுக்கு நாடுகடத்தப்பட்டபோது, தம் அன்னை ஹெல்வியாவைத் தேற்றி ஒரு நூல் எழுதினார். இயற்கையும் ஒருவனது நற்குணமும் அவன் செல்லுமிடமெல்லாம் உடன்வரும். ஆதலின் இடமாற்றம் தீங்கன்று என்பது அவர் வாதம். அவரே, பேரரசனின் அலுவலராகிய பொலிபியசுக்கு அத்தீவிலிருந்தே எழுதிய மற்றொரு தேறுதல் நூலில், பேரரசனை வானளாவப் புகழ்ந்து, தாம் மீள அழைக்கப்படவேண்டுமென்ற ஏக்கத்தைப் புலப்படுத்தினார். கி.பி. 49இலேயே அவருக்கு மீட்சி கிடைத்தது. நாடுகடத்தலுக்கும் இளைப்பாறலுக்கும் வேற்றுமை பெரிது. எனினும் இடம் பொருட்டன்று எனத் தருக்கத்தால் நிறுவியவரும் இடத்துக்காக ஏங்கினார் என்பது சிந்திக்கற்பாலது. ஏங்கும் முதியவரை அறிவுரையால் அடக்க முற்படுவோர் இதனை நினைவிற் கொள்ளுதல் நன்று.

இதற்கு மறுதலையாக, வேரூன்றுதல் மனித ஆன்மாவின் தலையாய தேவைகளுள் ஒன்றென வலியுறுத்தினார் பிரெஞ்சுச் சிந்தனையாளரான சிமோன் வெய்ல். தாய்நாட்டைப் பிரிந்து இலண்டனில் இருந்தபோது 1943இல் அவர் எழுதிய நூல், அவர் மறைவின் பின் 1949இல் வெளிவந்தது. இக்கருத்தை மேலோட்டமாக நோக்குவோர், முதியோரை இடம்பெயர்த்தலே தவறென முடிவுசெய்யக்கூடும். ஆயின் ஒரு சமூகத்தின் வாழ்விலே மெய்யாகவும் செயலூக்கத்தோடும் பங்குகொள்வதன் வாயிலாகவே மனிதன் வேர்கொள்கிறான் என அவர் விளக்கினார். வேர் மண்ணைப் பற்றியது என்பதைவிடப் பங்கேற்பைப் பற்றியது எனக் கொண்டால், முதுமையிலும் அது புதிதாக உண்டாதல் கூடும். முதுமரத்தைப் பெயர்த்து நட்டாற் பிழைக்காது என்பர். யாழ்ப்பாணத்து வேலிகளோ வேறொன்றைக் காட்டுகின்றன. கதியால் நடுவோர் இளந்தளிரைத் தெரிவதில்லை; கிளுவையிலும் பூவரசிலும் முற்றிய தடியையே வெட்டி நடுகின்றனர். ஈரம் கிடைக்குமாயின் அது வேர்விடுகின்றது.

முதியவருக்கு அந்த ஈரம் யாது? ‘கடன்’ என்னும் தமிழ்ச்சொல், திருப்பிக் கொடுக்கவேண்டியதையும் செய்யவேண்டிய கடமையையும் ஒருங்கே குறிக்கும். ஒருவருக்கு ஓர் ஊர் உரியதாவது, அங்கு அவர் பிறருக்குக் கடன்பட்டவராகவும் பிறர் அவருக்குக் கடன்பட்டவராகவும் ஆகும்போதே. அயல்வீட்டாரின் விண்ணப்பப் படிவத்தை நிரப்பிக் கொடுத்தல், கூட்டுறவுச் சங்கத்தின் கணக்கைச் சரிபார்த்தல், சனசமூக நிலையத்திற் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லுதல் என்பன சிறு செயல்களே. ஆயினும் அவற்றைச் செய்பவர் ஒருநாள் வராவிடின் ஊரார் விசாரிப்பர். கொடுப்பதைவிடக் கேட்பது கடினம் என்பதும் உண்மை. இளைப்பாற்றுச் சம்பளம் பெறுபவர் எவருக்கும் கடன்படாதிருத்தலைப் பெருமையாக எண்ணுவர். அயலாரிடம் ஒரு மண்வெட்டியை இரவல் கேட்கத் தயங்குபவர், அயலார் தம்மிடம் வருவதற்குரிய வழியையும் அடைத்துவிடுகின்றார். உதவியைப் பெறுவதும் உறவுக்கு இடமளிக்கும் ஒரு கொடையாகும்.

இக்கருத்துக்குத் தடைகள் எழலாம். முதலாவது, இடம்பெயர்வோர் யாவரும் தாமே முடிவெடுத்தவரல்லர். கணவன் இளைப்பாறும்போது மனைவிக்கு அடுக்களையிலிருந்து இளைப்பாறல் கிடைப்பதில்லை. அவரெடுத்த முடிவினால், அவள் பல்லாண்டு பழகிய அயற் பெண்களை இழந்து, அதே வேலையைப் புதிய அடுக்களையிலே தொடங்குகின்றாள். கணவனின் ஊர்ப்பற்றுக்கு அவள் செலுத்தும் விலை பெரும்பாலும் கணக்கிற் சேர்வதில்லை. ஆதலின் அவள் இசைவைக் கேட்டறிதல் வெறும் மரியாதையன்று, நீதியாகும். இரண்டாவது, உடல் தளர்ந்தோர் ஊர்ப்பணி ஆற்ற இயலாதே என வினவலாம். இங்கேதான் ஏற்போரின் பொறுப்புத் தொடங்குகின்றது. ‘அம்மா, நீங்கள் ஒன்றும் செய்யவேண்டாம், சும்மா இருங்கோ’ எனப் பிள்ளைகள் அன்பினாலேயே சொல்கின்றனர். ஆனால் ஒன்றும் செய்யவேண்டாதவர் வீட்டில் என்றும் விருந்தினரே. கீரை ஆய்வதோ, பேரப்பிள்ளைக்கு எழுத்துச் சொல்லிக்கொடுப்பதோ, வீட்டுக் காரியத்திற் கருத்துச் சொல்வதோ அவருக்கென ஒரு பங்கை ஒதுக்குதல் வேண்டும். பங்கு தராமற் ‘பழகிக்கொள்ளுங்கோ’ எனக் கேட்பது, நீரூற்றாது நட்ட கதியாலைப் பழிப்பதை ஒக்கும்.

பழைய ஊரை நினைத்து வருந்துதல் புதிய ஊருக்குச் செய்யும் துரோகமாகாது. அவ்வருத்தம், அங்கே பெற்றவற்றுக்கு உள்ளம் செலுத்தும் நன்றி. நினைவே அளவுகோலாகி இன்றைய அயலாரை எடைபோடத் தொடங்கும்போதுதான் அது தீங்காகின்றது. ஆகவே பழையதை மறந்துவிடுமாறு முதியோரிடம் கேட்கும் உரிமை எவருக்குமில்லை. புதிய இடத்திலும் கொடுத்தும் பெற்றும் வாழுமாறு கேட்கலாம். அதற்கு வேண்டிய இடத்தை முன்னரே ஒழித்துவைத்திருப்போருக்கே அவ்வாறு கேட்கும் தகுதி உண்டு.