வரிவிலக்குக்கு ஒரு முடிவு நாள்

2024 ஜூலை 23 அன்று தாக்கலான மத்திய நிதிநிலை அறிக்கையில், லித்தியம், கோபால்ட் உள்ளிட்ட 25 முக்கியக் கனிமங்களுக்குச் சுங்க வரியிலிருந்து முழு விலக்கு அறிவிக்கப்பட்டது. பேட்டரித் தொழில் இங்கே வேரூன்ற வேண்டும். மூலப்பொருளோ பெரும்பாலும் வெளிநாட்டிலிருந்து வருகிறது. காரணம் நியாயமானதுதான். ஆனால் அதற்கு அடியில் ஓர் அறக்கேள்வி இருக்கிறது: எல்லோருக்கும் உரிய வருவாயை ஒரு தொழிலுக்காக விட்டுக்கொடுக்கும் உரிமை அரசுக்கு எதுவரை உண்டு? வரியை நிறுத்துவதும் வரி விதிப்பதைப் போன்ற பொறுப்புள்ள செயலே. அது நாடாளுமன்ற விவாதத்தைக் கடந்து, முடிவு நாளோடு வரும்போதுதான் அறத்துக்குப் பொருந்தும் என்பது என் வாதம்.

சட்டத்தின் அதிகாரமின்றி வரி விதிக்கவோ வசூலிக்கவோ கூடாது என்கிறது நம் அரசியலமைப்பின் 265-ஆம் பிரிவு. மக்களிடமிருந்து எடுப்பதற்கு மக்களின் பிரதிநிதிகள் சம்மதிக்க வேண்டும் என்பதே அதன் உட்பொருள். விலக்கு அளிப்பதற்கோ, 1962-ஆம் ஆண்டு சுங்கச் சட்டத்தின் 25-ஆம் பிரிவின்படி, பொதுநலனுக்குத் தேவை என்று மத்திய அரசு கருதி வெளியிடும் அறிவிக்கை போதும். அது பிறகே நாடாளுமன்றத்தின் முன் வைக்கப்படும். கொடுப்பது யாரையும் துன்புறுத்தாது என்ற நம்பிக்கை இதற்குள் ஒளிந்திருக்கிறது. முதலாம் குலோத்துங்கனைச் 'சுங்கம் தவிர்த்த சோழன்' என்று நாம் இன்றும் போற்றுவதும் அந்த நம்பிக்கையால்தான். ஆனால் கருவூலத்துக்கு வராத ஒவ்வொரு ரூபாயும், பள்ளிக்கோ மருத்துவமனைக்கோ போயிருக்கக்கூடிய ரூபாய். அதை இழப்பவர்கள் முடிவெடுக்கும் அறையில் இல்லை. இல்லாதவர்களின் கேள்விக்கு இடம் வைப்பதுதான் நீதியின் முதல் வேலை.

இங்கே ஒரு மறுப்பு எழும். உள்நாட்டில் லித்தியமோ கோபால்ட்டோ பெரிதாக வெட்டி எடுக்கப்படாதபோது இந்த வரி யாரைக் காக்கிறது? நிரந்தரமாகவே நீக்கினால் என்ன? இன்றைய நிலைக்கு இது சரியான கேள்வி. நாளைய நிலைக்கு அப்படியல்ல. ஜம்முவின் ரியாசியில் 59 லட்சம் டன் லித்தியக் கனிம வளம் இருக்கலாம் என்ற மதிப்பீடு 2023 பிப்ரவரியில் வெளியானது. அங்கே சுரங்கம் எழுந்தால் கணக்கே மாறும். கனிமம் வரும் இடத்தையும் பார்க்க வேண்டும். உலகின் கோபால்ட்டில் பாதிக்கு மேல் காங்கோ ஜனநாயகக் குடியரசிலிருந்து வருகிறது. அங்கே கையால் தோண்டும் சிறு சுரங்கங்களில் குழந்தைகளும் உழைப்பதை அம்னெஸ்டி இன்டர்நேஷனல் 2016-இல் ஆவணப்படுத்தியது. வரி போட்டால் அந்தக் குழந்தைகள் விடுபட்டுவிட மாட்டார்கள். ஆனால் சலுகை தரும் அரசு, எந்தக் கைகள் தோண்டிய பொருளுக்குத் தருகிறோம் என்று கேட்கக் கடமைப்பட்டது. நிரந்தர விலக்கு அந்தக் கேள்வியை ஒருமுறையோடு மூடிவிடும். முடிவு நாள் அதை மீண்டும் திறக்கும்.

தொழில் முதலீட்டுக்கு உறுதி வேண்டும், முடிவு நாள் அதைக் குலைக்கும் என்பது இரண்டாவது மறுப்பு. முதலீட்டாளரை அலைக்கழிப்பது முன்னறிவிப்பில்லாத மாற்றமே. முன்பே தெரிந்த தேதி அல்ல. நிபந்தனையோடு தரப்படும் சுங்க விலக்குகள், வேறுவிதமாகக் குறிப்பிடாவிட்டால், இரண்டு ஆண்டுகளுக்குப் பின் வரும் மார்ச் 31-இல் காலாவதியாகும் என்று 2021-இல் கொண்டுவந்த திருத்தம் சொல்கிறது. இந்த நெறி நிபந்தனையற்ற விலக்குகளுக்கும் விரிய வேண்டும். ஆலை எழும்ப ஐந்தாண்டு வேண்டுமென்றால் ஐந்தாண்டு கொடுக்கலாம். அது முடியும்போது, யாருக்கு எவ்வளவு பயன் கிடைத்தது, வாக்குறுதி அளித்தபடி தொழில் வளர்ந்ததா என்ற கணக்கோடு அரசு நாடாளுமன்றத்தின் முன் நிற்க வேண்டும். பொதுப்பணத்தை விட்டுக்கொடுக்கும் உரிமை, கணக்குச் சொல்லும் கடமை இருக்கும்வரைதான் செல்லும்.