அடைத்தவர் கடன்

எம் மகன் தன் பிள்ளைக்குப் பிறந்தநாள் பரிசாக ஒரு கண்ணாடித் தொட்டியும் அதனுள் 10 சிவப்பு இறால்களும் வாங்கி வந்து கூடத்தில் வைத்தான். கண்டு மகிழ்வதற்கென வளர்க்கப்படும் செர்ரி இறால் என்னும் இனம் அது. தைவான், சீனம் ஆகிய நாடுகளின் நன்னீர் ஓடைகளைச் சார்ந்தது. ஒவ்வொன்றும் ஏறத்தாழ 1 அங்குல நீளமே இருக்கும். மறுநாள் காலை எம் பேரன், “பாட்டி, இவற்றுக்கு என்ன உணவு போடலாம்?” என்று கேட்டான். எளிய வினாவாகத் தோன்றிய அது எம்மைப் பல நாள் உறங்கவிடவில்லை.

தொட்டியுடன் வந்த உணவுப் பொட்டலத்தின் மேல் அச்சிட்டிருந்த பொருட்பட்டியலைப் படித்தோம். மீன்தூள் முதலிடத்தில் இருந்தது. யாம் எந்த மீனையும் கொல்லவில்லை என்பது உண்மையே. ஆயினும் செய்தல், செய்வித்தல், செய்தார்க்கு உடன்படுதல் ஆகிய மூன்றும் வினைக்கு வாயில் என்பதே நம் அறம். பொட்டலத்தை விலை கொடுத்து வாங்கும் கை, வலை வீசும் கையோடு சேர்ந்ததே அன்றோ? ஓருயிரின் பசி தீர்க்க மற்றோருயிரை விலைக்கு வாங்குவது ஈகை ஆகாது.

இறால் மிகச் சிறிய உயிர்தானே என்று எண்ணுவோரும் உளர். தொல்காப்பியம் மரபியலில் நண்டை நான்கறிவுடைய உயிர்களுள் வைத்து எண்ணுகிறது. இறாலோ நண்டைப் போலவே பத்துக் கால் உடைய உயிர், நண்டின் உறவினம். அதற்குக் கண் உண்டு; உணவின் சுவையும் மணமும் அறியும் உறுப்புகள் உண்டு. தொட்டியருகே நிழல் அசைந்தால் விலகி ஓடும் அதன் அச்சத்தை யாம் நாள்தோறும் காண்கிறோம்.

அகிம்சை அணுவிரதத்திற்கு ஐந்து அதிசாரங்களைத் தத்துவார்த்த சூத்திரம் கூறுகிறது. கட்டுதல், அடித்தல், உறுப்பறுத்தல், மிகுசுமை ஏற்றுதல், உணவும் நீரும் மறுத்தல் என்பன அவை. ஓருயிரை அது விரும்பிய இடத்திற்குச் செல்லவிடாமல் தடுப்பதே கட்டுதல் எனப் பூஜ்யபாதர் விளக்குவார். அவ்வாறாயின் கயிறு இல்லாவிடினும் கண்ணாடியும் கட்டே. தொட்டியை வாங்கிய அன்றே முதற்குற்றம் நேர்ந்துவிட்டது. இனி உணவளிக்கத் தவறினால் ஐந்தாங்குற்றமும் வந்து சேரும். கானில் வாழும் உயிருக்கு உணவு தேடித் தருவது நம் கடன் அன்று. அடைத்து வைத்த உயிருக்கோ நம்மையன்றி வேறு புகல் இல்லை.

“ஏரியில் விட்டுவிட்டால் பாவம் தீர்ந்தது” என்றார் உறவினர் ஒருவர். அதனை யாம் ஏற்கவில்லை. அயல்நாட்டு உயிரை நம் நீர்நிலையில் விட்டால் அது அங்குள்ள மீன்களுக்கு இரையாகலாம். அன்றிப் பெருகி அங்குள்ள சிற்றுயிர்களின் உணவையும் இடத்தையும் கவரலாம். விடுதலை என்னும் பெயரால் கைகழுவுவதும் இம்சையே.

நல்வினையாக, இவ்வினத்திற்குப் புலால் இன்றியமையாததன்று. பாசியும், கல்லிலும் இலையிலும் படியும் நுண்ணிய படலமும், மட்கிய சருகும் இதன் இயற்கை உணவு. ஆகவே பொட்டலத்தை ஒதுக்கிவிட்டு, வெந்நீரில் வாட்டிய பசலைக்கீரை, வெள்ளரித் துண்டு, மருந்து தெளிக்காத நாட்டு வாதுமையின் உதிர்ந்த சருகு ஆகியவற்றை இடுகிறோம். இலையும் உயிரன்றோ எனலாம். உண்மைதான். ஓரறிவுயிரின் இம்சையை முற்றும் நீக்குதல் துறவியர்க்கே இயலும். இல்லறத்தார் அதனைக் குறைக்கலாம். உதிர்ந்த சருகை நாடுவது அக்குறைப்பின் ஒரு வழி.

அளவும் அறமே என்பதை இத்தொட்டி எமக்குக் கற்பித்தது. அன்பு மிகுதியால் பேரன் ஒரு நாள் கீரையை அள்ளி இட்டான். உண்டது போக எஞ்சியது அழுகினால் நீரில் அம்மோனியா என்னும் நஞ்சு பிறக்கும். ஆதலால் வாரத்திற்கு இருமுறை, விரல்நுனி அளவே இடுகிறோம். சில மணி நேரத்தில் எஞ்சியதை எடுத்துவிடுகிறோம். தோலுரித்த சட்டையை மட்டும் எடுப்பதில்லை. அதிலுள்ள சுண்ணச்சத்தை இறால் மீண்டும் உண்ணும். செம்புக் குடத்து நீரை ஊற்றுவதில்லை. நமக்குப் பழகிய செம்பு இவற்றுக்கு நஞ்சு. அசட்டையால் உயிர் போக்குதலே இம்சை என்பது ஆன்றோர் இலக்கணம். அறியாமையும் அசட்டையின் உடன்பிறப்பே.

இதனை எழுதும்போது ஒரு பழைய குற்றம் நெஞ்சில் எழுகிறது. ஆசிரியப் பணியின் தொடக்கத்தில், இயற்கைப் பாடத்திற்காகத் தலைப்பிரட்டைகளைக் கண்ணாடிக் குடுவையில் இட்டு வகுப்பறையில் வைத்தோம். கண்ணால் கண்டு கற்பதே சிறந்த கல்வி என்று பயிற்சியில் கற்றிருந்தோம். இடையில் நான்கு நாள் விடுமுறை வந்தது. குடுவையை மறந்து சென்றோம். திரும்பி வந்தபோது நீர் நாறியது, ஒன்றும் உயிரோடில்லை. பிள்ளைகள் அன்று கண்டு கற்றது தவளையின் வளர்ச்சியை அன்று. தம் ஆசிரியையின் மறதியை.

இப்போது புதிய இடர் ஒன்று எழுந்துள்ளது. ஓர் இறால் வயிற்றின் கீழ் முட்டைகளைச் சுமக்கிறது. மூன்று நான்கு வாரத்தில் குஞ்சுகள் வெளிப்படும். கடைக்கே கொடுத்துவிடலாம் என்கிறான் மகன். அது உயிர் வாணிகம். ஆணையும் பெண்ணையும் பிரித்து வைக்கலாம் என்றோம். அது கட்டின்மேல் கட்டாகாதா என்று அவனே திருப்பிக் கேட்டான். குற்றமற்ற விடை எமக்குத் தோன்றவில்லை. பிரித்து வைப்பதையே சிறிய தீங்கெனக் கொண்டோம். அது தீங்கே அன்று எனச் சொல்ல மாட்டோம்.

பேரனிடம் பேசி ஒரு முடிவு செய்துள்ளோம். இவையும் பிறக்கவிருக்கும் குஞ்சுகளும் தம் ஆயுளை இத்தொட்டியிலேயே நிறைவு செய்யட்டும். அதுவரை கீரை வாட்டுவதும் நீர் மாற்றுவதும் எம் கடமை. இறந்தவற்றிற்கு ஈடாகப் புதியன வாங்குவதில்லை. இறுதியில் தொட்டியில் நீர்ச்செடி மட்டும் வளரும்.

பிள்ளைகளுக்குப் பரிசளிக்க எண்ணும் பெற்றோர்க்கு ஒரு சொல். அடைக்காதிருத்தலே முதல் அறம். அடைத்துவிட்டால் ஊட்டுதல் கடன். அவ்வூட்டுதலும் மற்றோருயிரைக் கொன்று ஆகாது. இம்மூன்றையும் கடையில் பணம் கொடுக்குமுன் எண்ணிப் பார்த்தல் நன்று. யாம் அதற்குப் பின்னரே எண்ணினோம்.