கேஸ் ஆயிட்டா பாவம் தீர்ந்துடுமா?

எங்கள் வட்டாரக் கோயில் இளைஞர்களிடையே இப்போது ஒரு யோசனை சுற்றி வருகிறது. அன்னதானக் கழிவைக் குப்பை லாரியில் ஏற்றி அனுப்பாமல், கோயிலின் பின்புறத்திலேயே ஒரு பயோகேஸ் தொட்டி வைக்கலாம், அதில் வரும் வாயுவை மடப்பள்ளிக்கே பயன்படுத்தலாம் என்பதுதான் அந்த யோசனை. நல்ல யோசனை. நானும் ஆதரிக்கிறேன். ஆனால் அந்தப் பேச்சின் நடுவே ஒரு தம்பி சொன்னது என்னை யோசிக்க வைத்தது. “அண்ணே, தொட்டி வந்துட்டா இனிமே சோறு மிஞ்சினாலும் கவலை இல்லண்ணே. வீணாப் போகாது, கேஸ் ஆயிடும்.”

சுற்றி இருந்தவர்கள் தலையாட்டினார்கள். கேட்கும்போது சரி என்றுதான் படும். ஆனால் அதற்குள் ஒரு தர்மக் கேள்வி ஒளிந்திருக்கிறது. ஒரு பொருளைக் கடைசியில் நல்ல வழியில் பயன்படுத்திவிட்டால், அதைத் தேவைக்கு மேல் உண்டாக்கிய தவறு இல்லாமல் போய்விடுமா?

தொட்டிக்குள் நடப்பது என்ன?

முதலில் தொட்டியைப் புரிந்துகொள்வோம். இது புதிய கண்டுபிடிப்பு ஒன்றும் இல்லை. இந்தியக் கிராமங்களில் ‘கோபர் கேஸ்’ என்ற பெயரில் சாண எரிவாயு அடுப்புகள் பல பத்தாண்டுகளாக எரிகின்றன. காற்று புகாத தொட்டியில் சாணமோ, காய்கறித் தோலோ, வடித்த கஞ்சியோ போட்டு மூடினால், ஆக்சிஜன் இல்லாமல் வாழும் நுண்ணுயிர்கள் அதைச் செரிக்க ஆரம்பிக்கும். முதலில் மாவும் கொழுப்பும் புரதமும் கரையும். பிறகு அவை அமிலங்களாக மாறும். கடைசியில் இன்னொரு வகை நுண்ணுயிர்கள் அதிலிருந்து மீத்தேன் வாயுவை உண்டாக்கும். வெளியே வரும் வாயுவில் 50 முதல் 70 விழுக்காடு வரை மீத்தேன் இருக்கும். மீதி பெரும்பாலும் கரியமில வாயு. அழுகிய முட்டை வாடை அடிக்கும் ஹைட்ரஜன் சல்ஃபைடும் கொஞ்சம் இருக்கும். வாயு போன பிறகு எஞ்சும் குழம்பில் தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல் சத்து எல்லாம் தங்கியிருப்பதால் அது செடிகளுக்கு நல்ல உரம்.

இதே கழிவு குப்பைமேட்டில் கிடந்தாலும் அடியில் காற்றில்லாமல் அழுகி மீத்தேனைத்தான் விடும். அங்கே அதைப் பிடிக்க ஆள் இல்லாவிட்டால் நேராக வானத்துக்குப் போகும். நூறு ஆண்டுக் கணக்கில் பார்த்தால், ஒரு கிலோ மீத்தேன் ஒரு கிலோ கரியமில வாயுவைவிட ஏறக்குறைய 28 மடங்கு பூமியைச் சூடாக்கும். ஆகவே பிடித்து எரிப்பது நல்லது. இதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை.

செம்பனை ஆலைக் குளம் சொல்லும் பாடம்

நம் நாட்டில் இந்த வேலை பெரிய அளவில் நடக்கும் இடம் செம்பனை எண்ணெய் ஆலைகள். 1917ல் சிலாங்கூர் தென்னமரம் தோட்டத்தில் வணிக ரீதியாகத் தொடங்கிய செம்பனைப் பயிர், பிறகு ரப்பரின் இடத்தைப் பிடித்துக்கொண்டது. நம் தாத்தா பாட்டிகளில் பலர் அந்தத் தோட்டங்களில்தான் உழைத்தார்கள். ஆலைக்குப் பக்கத்து லயங்களில் வளர்ந்தவர்களைக் கேட்டுப் பாருங்கள். கழிவுநீர்க் குளத்து வாடையைப் பற்றி அவர்களே சொல்லுவாங்க.

ஒரு டன் பாமாயில் எடுக்கும்போது ஏறக்குறைய இரண்டரை முதல் மூன்றரை டன் கழிவுநீர் வருகிறது. பழுப்பு நிறத்தில், சூடாக, எண்ணெயும் நாரும் கலந்து வரும் தண்ணீர் அது. ஒரு காலத்தில் அது ஆறுகளில் போய்க் கலந்தது. நுண்ணுயிர்கள் அதைச் சிதைக்க ஆற்றிலுள்ள ஆக்சிஜனை எல்லாம் எடுத்துக்கொள்ள, மீன்கள் செத்தன. 1974ல் சுற்றுச்சூழல் தரச் சட்டம் வந்தது. 1977ல் செம்பனை ஆலைகளுக்கென்றே தனி விதிமுறைகள் வந்தன. ஆற்றில் விடும் நீரின் ஆக்சிஜன் தேவை அளவு, அதாவது பிஓடி, 1978ல் லிட்டருக்கு 5,000 மில்லிகிராம் வரை அனுமதிக்கப்பட்டது. அதைப் படிப்படியாக 1984க்குள் 100க்குக் கொண்டு வந்தார்கள்.

அதற்கு ஆலைகள் கண்ட வழி குளங்கள். கழிவுநீரைத் திறந்த குளங்களில் வாரக்கணக்கில் தேக்கிச் செரிக்க விட்டார்கள். ஆறு பிழைத்தது. ஆனால் குளத்திலிருந்து மீத்தேன் கிளம்பி வானத்துக்குப் போனது. பிரச்சினை தீரவில்லை, இடம் மாறியது. பிறகுதான் குளத்தை மூடி, அல்லது தொட்டி கட்டி, வாயுவைப் பிடித்து மின்சாரம் எடுக்கும் முறை பரவியது. புதிய ஆலைகளும் விரிவாக்கம் செய்யும் ஆலைகளும் மீத்தேனைப் பிடிக்க வசதி செய்தாக வேண்டும் என்ற நிபந்தனை 2014ல் வந்தது. ஒரு கன மீட்டர் கழிவுநீரிலிருந்து சுமார் 28 கன மீட்டர் பயோகேஸ் கிடைக்கிறது. அதில் ஓடும் இயந்திரங்கள் சில இடங்களில் தேசிய மின்கட்டமைப்புக்கே மின்சாரம் தருகின்றன.

இதில் இரண்டு விஷயங்களைக் கவனிக்க வேண்டும். ஒன்று, பாமாயில் எடுத்தால் இந்தக் கழிவுநீர் வந்தே தீரும். அதை யாரும் குடிக்க முடியாது, உண்ண முடியாது. ஆகவே அதை வாயுவாக்குவது கைகழுவும் தந்திரம் ஆகாது. கடமையைச் செய்வதுதான் அது. இரண்டு, ‘தீர்ந்தது’ என்று நாம் நினைக்கும் தீர்வு, சில சமயம் சுமையை வேறொருவர் தலைக்கு மாற்றியதாக இருக்கும். இந்த இரண்டையும் கையில் வைத்துக்கொண்டு மடப்பள்ளிக்குத் திரும்புவோம்.

பத்து கிலோ சோறு

மடப்பள்ளிக் கழிவும் ஒரே வகை இல்லை. பூசணித் தோல், வாழைப்பூ மடல், வடித்த கஞ்சி, இலையில் எச்சிலாக ஒட்டியிருப்பது எல்லாம் ஆலைக் கழிவுநீர் மாதிரி. சமைத்தால் வரத்தான் செய்யும். ஆனால் அண்டாவில் கை படாமல் மிஞ்சும் சோறும் சாம்பாரும் அப்படி இல்லை. அது இன்னும் உணவு.

ஒரு சின்னக் கணக்குப் போடுவோம். பத்து கிலோ கலப்பு உணவுக் கழிவைத் தொட்டியில் போட்டால் சுமார் ஒரு கன மீட்டர் வாயு கிடைக்கும். அது அரை கிலோவுக்கும் சற்றுக் குறைவான சமையல் எரிவாயுவுக்குச் சமம். வெறும் சோறு என்றால் தண்ணீர் குறைவு, மாவு அதிகம். ஆகவே இரண்டு மடங்கு கூட வரலாம். வீட்டு எரிவாயுவின் மானிய விலை கிலோவுக்கு 1 வெள்ளி 90 காசு. அப்படியானால் பத்து கிலோ சோற்றைப் போட்டு நாம் எடுப்பது இரண்டு வெள்ளிக்குள் அடங்கும் கேஸ். அதே பத்து கிலோ சோறு ஏறக்குறைய முப்பது பேருக்கு மதியச் சாப்பாடு.

இரண்டு வெள்ளியா, முப்பது வயிறா? இப்படிக் கேட்டால் யாரும் தயங்க மாட்டோம். ‘கழிவிலிருந்து ஆற்றல்’ என்ற அழகான பெயரை வைக்கும்போதுதான் கண் மறைந்துவிடுகிறது. அந்தத் தொட்டி நமக்கு வாயுவைத் திருப்பித் தரும். நாற்று நட்ட விவசாயியின் நாளையும், வயலுக்குப் பாய்ந்த தண்ணீரையும், அதிகாலையில் எழுந்து அரிசி களைந்த அம்மாக்களின் உழைப்பையும் திருப்பித் தராது.

நம் மரபு உணவை எங்கே வைத்திருக்கிறது என்று பாருங்கள். தைத்திரீய உபநிடதம் உணவை இகழாமல் இருப்பதையே ஒரு விரதமாகச் சொல்கிறது. கீதையின் பதினைந்தாம் அத்தியாயத்தில் பகவான், உயிர்களின் உடலில் உணவைச் செரிக்கும் நெருப்பாகத் தாமே இருப்பதாகச் சொல்கிறார். வள்ளலார் 1867ல் வடலூரில் தருமச்சாலை தொடங்கி அடுப்பு மூட்டியது பசித்தவர் வயிற்றுக்காக. அன்னதானம் என்பது அந்த வயிற்று நெருப்பில் இடும் ஆகுதி. தொட்டிக்குள்ளும் செரிமானம் நடக்கிறது, உண்மைதான். ஆனால் தொட்டிக்குப் பசி இல்லை.

அதற்காகத் தொட்டியே வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. பரிகாரம் என்பது, தெரியாமல் நடந்ததற்கு வருந்தி, இனி நடக்காமல் பார்த்துக்கொள்கிறவனுக்கு. செய்யப் போகும் தவறுக்கு முன்கூட்டியே பரிகாரத்தை வாங்கி வைத்துக்கொள்வதற்கு அந்தப் பெயர் பொருந்தாது.

“கணக்காச் சமைக்க முடியுமா?”

எதிர்க்கேள்வி வரும் என்று தெரியும். “கோயிலுக்கு எத்தனை பேர் வருவாங்கன்னு யாருக்குத் தெரியும்? பத்தாம போயிட்டா உபயக்காரருக்கு எவ்வளவு அசிங்கம்?” நியாயமான கேள்விதான். மழை பெய்தால் கூட்டம் பாதியாகிவிடும். பசியோடு வந்தவரை வெறுங்கையோடு அனுப்புவதும் தர்மம் இல்லை. ஆகவே கொஞ்சம் கூடுதலாகச் சமைப்பதை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் அந்தக் கூடுதலுக்கு ஒரு வாய் முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். பக்கத்து முதியோர் இல்லம், அடுக்குமாடியில் கஷ்டப்படும் குடும்பங்கள், தாப்பாவ் கட்டிக்கொண்டு போகும் பக்தர்கள். சூடு ஆறிக் கெடுவதற்கு முன்னால் யார் எடுத்துப் போவது என்பது காலையிலேயே முடிவாகியிருக்க வேண்டும். எல்லாம் போக, கெட்டுப்போனது தொட்டிக்குப் போகட்டும்.

இன்னொன்று. ‘மிஞ்சினாத்தான் மரியாதை’ என்ற எண்ணம் நம்மிடம் இருக்கிறது. அன்னபூரணி கையில் இருப்பது அள்ளிப் போடும் கரண்டி. அவள் நிறைவின் தெய்வம், குப்பைத்தொட்டியை நிரப்புகிற தெய்வம் அல்ல.

தொழில்நுட்பமும் இதையேதான் சொல்கிறது. தொட்டியில் தினமும் கொஞ்சம் கொஞ்சமாகப் போட வேண்டும். தைப்பூசத்தன்று மிஞ்சிய ஐந்து அண்டாவை ஒரேயடியாகக் கொட்டினால் அமிலம் கூடிவிடும், மீத்தேன் தரும் நுண்ணுயிர்கள் முடங்கிப் போகும். தொட்டிக்கும் அஜீரணம் வரும். அதிகமாக மிஞ்சுவது திருவிழா நாளில்தான், அன்றைக்குத்தான் தொட்டியால் அதிகம் வாங்க முடியாது.

பிரித்துப் போடுகிற கை

சிங்கப்பூரில் துவாஸ் பகுதியில் உணவுக் கழிவிலிருந்து பயோகேஸ் எடுக்கும் ஓர் ஆலை 2008ல் இயங்கத் தொடங்கி 2011ல் மூடப்பட்டது. இயந்திரம் தெரிந்த ஊர்தான், பணமும் உள்ள ஊர்தான். ஆனால் சுத்தமாகப் பிரித்த உணவுக் கழிவு போதுமான அளவு வந்து சேரவில்லை. நெகிழியும் கரண்டியும் கலந்த கழிவு எந்தத் தொட்டிக்கும் ஆகாது. நம் நாட்டில் 2015 செப்டம்பர் முதல் பல மாநிலங்களில் வீட்டுக் குப்பையைப் பிரித்துப் போடுவது கட்டாயம். ஆனாலும் திருவிழா முடிந்த இரவில் பாக்கு மட்டைத் தட்டும், பால் பாக்கெட்டும், நெகிழிக் கோப்பையும், சோறும் ஒரே கறுப்புப் பையில் கிடப்பதைப் பார்க்கிறோம்.

நிர்மால்யத்தைப் பற்றியும் கேட்பார்கள். சாமிக்குச் சாத்திய மாலையைக் கழிவுத் தொட்டியில் போடலாமா? காலில் மிதிபடக் கூடாது என்பதுதான் நிர்மால்யத்துக்கு நாம் காட்டும் மரியாதையின் அடிப்படை. எச்சில் உணவோடு கலக்காமல், நாரையும் சரிகையையும் எடுத்துவிட்டு, தனியாக மட்க வைத்து நந்தவனத்துக்கே உரமாக்கினால் அந்த மரியாதைக்குப் பங்கம் இல்லை என்பது என் கருத்து. அர்ச்சகரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள். தேங்காய் ஓடும் மட்டையும் தொட்டியில் சுலபமாகச் செரிக்காது, அவற்றையும் தனியே வையுங்கள்.

எஸ்டபிள்யூ கார்ப் சொல்லும் கணக்குப்படி மலேசியர்கள் ஒரு நாளில் வீசும் உணவுக் கழிவு சுமார் 17,000 டன். அதில் ஏறக்குறைய 4,000 டன் இன்னும் சாப்பிடக்கூடியது. அந்த 4,000 டன்னுக்குத் தேவை பகிரும் கை, மீதி 13,000 டன்னுக்குத் தேவை தொட்டி. இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது.

இளைஞர் பகுதிக்கு ஒரு வேண்டுகோள். தொட்டி வாங்க நிதி திரட்டுவதற்கு முன்னால், மூன்று மாதம் ஒரு நோட்டுப் புத்தகம் போடுங்கள். ஒவ்வொரு அன்னதானத்திலும் எத்தனை கிலோ அரிசி போட்டார்கள், எத்தனை பேர் பசியாறினார்கள், அண்டாவில் எவ்வளவு மிஞ்சியது, இலையில் எவ்வளவு மிஞ்சியது என்று தேதி போட்டு எழுதுங்கள். செயலவைக் கூட்டத்தில் பெரியவர்களிடம் பணிவோடு அதைக் காட்டுங்கள். அடுத்த மாதம் அரிசியின் அளவு தானாகக் குறையும். அப்புறம் எந்த அளவுத் தொட்டி தேவை என்பதையும் அதே நோட்டு சொல்லிவிடும். நாம் நினைத்ததைவிடச் சின்னத் தொட்டியே போதும் என்று அது சொன்னால், அதுதான் நம் கோயிலுக்குப் பெருமை.