பாரமும் மனச்சாட்சியும்

கனமான பொருள் ஒன்றை இடம் மாற்றுவது பலத்தைச் சேர்ந்த காரியமா, நீதியைச் சேர்ந்த காரியமா? இக்கேள்வியைக் கேட்டவுடன் சிலர் சிரிக்கக்கூடும். "பீரோவைத் தூக்குவதில் நீதி எங்கே வந்தது? நாலு பேர் பிடித்தால் நகர்ந்துவிடுமே" என்பார்கள். அந்த நாலு பேர் யார், அவர்களில் யாருக்கு எவ்வளவு பாரம், தூக்கி முடித்த பின் யார் முதுகு வலிக்கிறது என்று ஒரு நிமிஷம் நின்று யோசித்தால், இது வெறும் பலத்தின் காரியம் அன்று என்பது விளங்கும்.

இக்காலத்தில் கடைகளில் பாரம் தூக்கும் பட்டை என்று ஒன்று விற்கிறார்கள். கட்டில் பின்னுகிற நாடாவைப் போன்றது. ஆனால் நைலான் முதலிய நூலால் மிக அழுத்தமாக நெய்யப்பட்டது. பீரோவின் அடியில் அதைக் கொடுத்து, முனைகளை இருவர் தங்கள் முன்கைகளிலோ தோள்களிலோ மாட்டிக்கொண்டு, முழங்காலை மடக்கி நின்று, ஒரே சமயத்தில் எழுந்தால் பீரோ தரையை விட்டு எழும்புகிறது. மே மாத விடுமுறையில் வீடு மாறும் குடும்பங்கள் பல இதை வாங்கி உபயோகிக்கின்றன. நல்லதுதான். ஆனால் இந்தப் பட்டை என்ன செய்கிறது, என்ன செய்வதில்லை என்பதை நன்றாய் அறிந்துகொள்வது அவசியம். அதில்தான் நம் பாடமும் அடங்கியிருக்கிறது.

பட்டை பாரத்தின் எடையைக் குறைப்பதில்லை. நூறு கிலோ எடையுள்ள பொருள், பட்டை மாட்டிய பிறகும் நூறு கிலோவே. அப்படியானால் அதன் பிரயோஜனம் யாது? அது பாரத்தை இடம் மாற்றுகிறது. விரல்களும் வளைந்த முதுகும் ஏற்க வேண்டியதை, தொடைகளும் நிமிர்ந்த உடலும் ஏற்கச் செய்கிறது. ஒருவன் சுமப்பதை இருவர் சுமக்கச் செய்கிறது. கைகள் பொருளைச் சாயாமல் பிடிப்பதற்கு ஓரளவு ஓய்கின்றன. அவ்வளவுதான். அதுவே பெரிய உபகாரம்.

ஏன் என்று பாருங்கள். சந்தைகளில் முற்காலத்தில் தூக்குக்கோல் கொண்டு நிறுப்பார்கள் அல்லவா? கோலின் நீண்ட பக்கத்தில் தொங்கும் சிறு குண்டு, குட்டைப் பக்கத்தில் தொங்கும் பெரிய மூட்டையைச் சமன் செய்துவிடும். குனிந்து பாரம் தூக்குகிறவன் முதுகில் நடப்பதும் இதுவே. அங்கே நீண்ட பக்கம் பாரத்துக்கு வாய்த்துவிடுகிறது. முதுகுத் தசைகள் முதுகெலும்பிலிருந்து ஏறக்குறைய 5 சென்டிமீட்டர் தூரத்தில் நின்று இழுக்கின்றன. கையிலுள்ள பாரமோ 40 சென்டிமீட்டர் முன்னால் தொங்குகிறது. ஆகவே 20 கிலோவைத் தாங்க அத்தசைகள் 160 கிலோ அளவுக்கு இழுக்க வேண்டியிருக்கிறது. பாரத்தை உடம்போடு ஒட்டிப் பிடித்து, முதுகை நிமிர்த்தி, காலால் எழுந்தால் இந்தக் கணக்கு வெகுவாய்க் குறைகிறது. அமெரிக்க அரசாங்கத்தின் தொழில் உடல்நல ஆராய்ச்சி நிறுவனம் 1991-ம் ஆண்டில் திருத்தியமைத்த கணக்கின்படி, எல்லாம் சாதகமாய் அமைந்த நிலையிலுங்கூட ஒருவர் கையால் தூக்கத்தக்க அளவு 23 கிலோதான். நம் வீட்டுச் சமையல் காஸ் சிலிண்டரில் வாயு மட்டும் 14.2 கிலோ, இரும்பையும் சேர்த்தால் ஏறக்குறைய 30 கிலோ. அதை அன்றாடம் நகர்த்துகிறவர் யார்? பெரும்பாலான வீடுகளில் தாய்தான். மாடிக்குச் சுமந்து வருகிறவர் யார்? நாம் பெயர்கூடக் கேட்டிராத ஒரு மனிதர்.

நிற்க. சுமக்கிறவனை நினைத்துச் சுமையை அமைப்பது நம் முன்னோருக்குப் புதிதன்று. தலைச்சுமைக்கு முன் துணியைச் சுருட்டிச் சும்மாடு வைத்தார்கள். கருங்கல்லைக் கயிற்றால் கட்டி, நீண்ட மரத்தில் கோத்து, பலர் தோள் கொடுத்துத் தூக்கினார்கள். கயிறும் மரமும் அக்காலத்துப் பட்டை. நெடுஞ்சாலை ஓரங்களில் சுமைதாங்கிக் கல் நட்டார்கள். இரண்டு கல் நிமிர்த்தி, மேலே ஒரு கல் கிடத்தி, வழிநடப்பவன் பிறர் உதவியின்றித் தலைச்சுமையை இறக்கவும் மறுபடி ஏற்றவும் தக்க உயரத்தில் அதை அமைத்தார்கள். கருவுற்று, பிள்ளை பெறுமுன் இறந்துபோன பெண்ணின் நினைவாகச் சுமைதாங்கி நடும் வழக்கமும் இருந்தது. தன் பாரத்தை இறக்கி வைக்காமலே போய்விட்ட ஒருத்தியின் பெயரால், முன்பின் அறியாத வழிப்போக்கன் தன் பாரத்தை இறக்கி வைக்கட்டும் என்று அக்குடும்பத்தார் எண்ணினார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர்களும் அறிந்திருந்த தர்மம் இது.

சென்னைக் கடற்கரையில் தேவி பிரசாத் ராய் சௌத்ரி அமைத்த உழைப்பாளர் சிலை 1959-ம் ஆண்டு நாட்டப்பட்டது. பார்த்தவர்கள் நினைவுகூருங்கள். பெரும் பாறையைப் பெயர்ப்பவர் அங்கே நால்வர். ஒருவர் அல்லர். உழைப்பின் வெற்றியைக் காட்ட வந்த சிற்பி, தனியே பாறையைத் தூக்கும் பயில்வானைச் செய்யவில்லை.

இனி நம் கடமைகளுக்கு வருவோம். அவை மூன்று.

முதலாவது, தன் உடம்பின் மட்டில் உள்ள கடமை. "என் உடம்பு, என் பலம், நான் தனியே தூக்குவேன், உனக்கென்ன?" என்று சொல்லும் வாலிபர் உண்டு. பார்ப்பவர் மெச்ச வேண்டும் என்பதற்காகவே ஆட்டுக்கல்லைத் தனியே தூக்குவார்கள். தம்பி, உன் உடம்பு உன்னுடையது மட்டும் அன்று. உன் முதுகெலும்பின் இடையிலுள்ள ஒரு வில்லை பிதுங்கினால், மாதக்கணக்கில் படுக்கையில் கிடக்கப் போவது நீ. ஆனால் கூலி வேலைக்குப் போகப் போவது உன் மனைவி. பள்ளியை விட்டு நிற்கப் போவது உன் பிள்ளை. பிறர் நம்பியிருக்கும் ஒன்றை வீம்புக்காகப் பணயம் வைப்பது தைரியம் ஆகாது. "அண்ணே, ஒரு கை பிடிங்க" என்று அடுத்த வீட்டாரைக் கேட்க வெட்கப்படுகிறவனிடம் பலம் இருக்கலாம், அறிவு குறைவுதான்.

இரண்டாவது, கூடத் தூக்குகிறவர் மட்டில் உள்ள கடமை. பட்டை இருவரை ஒன்றாய்க் கட்டுகிறது. ஒருவர் அவசரப்பட்டு எழுந்தால் மற்றவர்மேல் பாரம் சாய்கிறது. ஒருவர் குட்டை, ஒருவர் நெட்டை என்றால், பட்டையின் நீளத்தைச் சரிசெய்யாவிட்டால் பொருள் ஒரு பக்கமாய்ச் சரிந்து, தாழ்ந்த பக்கத்தில் இருப்பவரை நெருக்குகிறது. மாடிப்படியில் இது இன்னும் தெளிவு: கீழ்ப்படியில் நிற்பவர் பக்கமே பாரத்தின் பெரும்பகுதி இறங்குகிறது, பொருள் நழுவினாலும் விழுவது அவர்மேல்தான். வீட்டுக்காரர் மேற்படியில் நின்றுகொண்டு, உதவிக்கு வந்த பையனைக் கீழ்ப்படியில் நிறுத்துவது எத்தனை வீடுகளில் நடக்கிறது! இருவர் சுமக்கிறார்கள் என்பதால் இருவரும் சமமாய்ச் சுமக்கிறார்கள் என்று ஆகாது. பகிர்ந்துகொண்டோம் என்ற பெயர் மட்டும் நீதியை உண்டாக்குவதில்லை. எப்படிப் பகிர்ந்தோம் என்பதே கேள்வி. குடும்பத்தின் மற்றப் பாரங்களுக்கும், அதாவது கடனுக்கும் நோயாளியைப் பார்ப்பதற்கும் முதியோரைக் காப்பதற்கும், இதுவே விதி. எந்த மகன் மேற்படியில் நிற்கிறான், எந்த மருமகள் கீழ்ப்படியில் நிற்கிறாள் என்று ஒவ்வொரு வீட்டிலும் பார்த்துக்கொள்ளலாம்.

மூன்றாவது, கூலிக்கு வந்தவர் மட்டில் உள்ள கடமை. இதுவே எல்லாவற்றிலும் கடினமானது.

நாம் வசிப்பது பாரத்தால் பிழைக்கும் சீமை. சேலம் லீ பஜாரிலும் செவ்வாய்ப்பேட்டையிலும் மூட்டை இறங்காத நாள் அரிது. நாமக்கல்லும் சங்ககிரியும் லாரித் தொழிலால் பேர் பெற்றவை. அந்த லாரிகளில் ஏறுகிற ஒவ்வொரு பாரத்துக்குப் பின்னும் லோடுமேன்களின் தோள் இருக்கிறது. சர்க்கரை 100 கிலோ மூட்டைகளாக வந்த காலம் உண்டு. சர்வதேசத் தொழில் ஸ்தாபனம் 1967-ம் ஆண்டு செய்த பரிந்துரையில், வயது வந்த ஆண் ஒருவர் வழக்கமாய்ச் சுமக்கும் பாரம் 55 கிலோவுக்கு மேற்படலாகாது என்றும், பெண்களுக்கு அதைவிட வெகுவாய்க் குறைய வேண்டும் என்றும் கூறியது. இன்று சிமெண்டு மூட்டை 50 கிலோ.

ஒருவர் இப்படிக் கேட்கலாம்: "கூலி பேசித்தானே கூப்பிட்டேன்? அவரும் சம்மதித்துத்தானே வந்தார்? மனமுவந்து ஏற்றவனுக்கு அநீதி இல்லை என்று ரோமச் சட்டத்தார் கூறவில்லையா?"

நியாயமான கேள்விதான். விடை என்னவென்றால், அவர் சம்மதித்தது வேலைக்கு, காயத்துக்கு அன்று. தம் உழைப்பை விற்றார். தம் முதுகை விற்கவில்லை. விற்க அவருக்கே உரிமை இல்லாத ஒன்றை நாம் காசு கொடுத்து வாங்கியதாகச் சொல்ல முடியுமா? மேலும், அடுப்பில் உலை வைக்க வேண்டிய கட்டாயத்தில் ஒருவர் சொல்லும் "சரிங்க" என்பதும், வேண்டாம் என்று சொல்லக் கூடியவர் சொல்லும் "சரிங்க" என்பதும் ஒன்றல்ல. பாப்பரசர் 13-ம் சிங்கராயர் 1891-ம் ஆண்டு தொழிலாளர் நிலைமையைப் பற்றி எழுதிய நிருபத்தில் இவ்விரண்டையும் விளக்கியிருக்கிறார்: பலத்துக்கு மிஞ்சிய வேலையை ஒருவன்மேல் சுமத்தலாகாது, ஏழ்மையின் நெருக்கடியில் தொழிலாளி அநியாயக் கூலிக்கு இணங்குவானாகில், அந்த இணக்கம் எஜமானை நிரபராதி ஆக்காது.

நாட்டுச் சட்டமும் இதை உணர்ந்தது. காயம் உண்டாக்கத்தக்க பாரத்தைத் தூக்கவோ சுமக்கவோ எவரையும் வேலை வாங்கலாகாது என்று 1948-ம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் விதித்தது. சுமை ஏற்றி இறக்குவோர் முதலிய உடலுழைப்பாளருக்காகத் தமிழ்நாட்டில் 1982-ம் ஆண்டு தனிச் சட்டம் இயற்றப்பட்டது. ஆனால் நம் வீட்டு மாடிப்படிக்கு எந்த இன்ஸ்பெக்டர் வரப் போகிறார்? அங்கே நாமே எஜமான், நாமே சாட்சி, நாமே நீதிபதி. "ஏம்பா, இதைக்கூடவா தூக்க முடியாது?" என்று நம்மைவிட வயது மூத்தவரைப் பார்த்துக் கேட்கும்போது, அந்த நீதிபதி ஆசனத்தில் யார் உட்கார்ந்திருக்கிறார் என்று எண்ணிப் பார்க்க வேண்டும்.

இன்னொரு கேள்வி: "நல்ல பட்டை வாங்கிக் கொடுத்துவிட்டால் கடமை தீர்ந்ததா?" இல்லை. இங்கேதான் ஒரு மோசம் இருக்கிறது. பட்டையின்மேல் இத்தனை கிலோ தாங்கும் என்று அச்சிட்டிருப்பார்கள். அது பட்டை தாங்கும் அளவு; அதை மாட்டுகிற மனிதர் தாங்கும் அளவு அன்று. மூன்று பேர் வேண்டிய இடத்தில் "பட்டைதான் இருக்கிறதே" என்று இரண்டு பேரோடு நிறுத்திக்கொண்டால், உபகாரத்துக்கு வந்த கருவி உபத்திரவத்துக்குக் காரணமாகிறது. சுமக்கிறவரின் சிரமத்தைக் குறைக்க வந்ததை, நம் செலவைக் குறைக்கத் திருப்பிவிட்டோம் என்று பொருள். கருவிகள் எல்லாவற்றுக்கும் இந்த ஆபத்து உண்டு.

ஆகையால் வீட்டில் பாரம் நகர்த்தும்போது சில காரியங்களைக் கைக்கொள்ளுங்கள். தூக்காமல் நகர்த்த முடியுமானால் தூக்க வேண்டாம். வழவழப்பான தரையில் அடியில் கோணிச் சாக்கைக் கொடுத்து இழுத்தால் போதும். பீரோவைக் காலி செய்து, கதவைப் பூட்டி, கயிற்றால் கட்டிய பின்பே தொடுங்கள். போகும் வழியையும் வாசற்படியின் அகலத்தையும் முன்பே பார்த்து வையுங்கள். பட்டையின் மிஞ்சிய முனை காலில் சிக்காதபடி செருகிவிடுங்கள். உயரமான பொருள் மேலே ஆடும். ஆகவே பக்கத்தில் பிடித்துவர மூன்றாவது ஆள் ஒருவர் வேண்டும். படியில் பலசாலியே கீழே நிற்கட்டும். படி குறுகலானால் பட்டையை விட்டு ஆட்களைக் கூட்டுங்கள். குடலிறக்கமோ பழைய முதுகுவலியோ உள்ளவரும், கர்ப்பிணிகளும், வளரும் பிள்ளைகளும் இவ்வேலையில் சேர வேண்டாம். ஒருவர் மட்டும் கட்டளை சொல்லட்டும். எவர் "இறக்குங்க" என்றாலும், அக்கணமே இறக்க வேண்டும், காரணம் பிறகு கேட்கலாம். கூலிக்கு வருபவரிடம் பொருளை முன்னதாகக் காட்டி, "எத்தனை பேர் வேணுங்க?" என்று அவரையே கேளுங்கள். அவர் மூன்று என்றால் இரண்டுக்குப் பேரம் பேசாதீர்கள். வேலை முடிந்ததும் கூலியோடு ஒரு செம்பு தண்ணீரும், உட்காரச் சற்று இடமும் கொடுங்கள். நம் வாசலில் சுமைதாங்கிக் கல் நட முடியாவிட்டாலும், ஒரு திண்ணை இருந்தால் போதும்.